இடது காலில் விழும் சொல்

செப்டம்பர் 2, செவ்வாய்

இன்றிலிருந்து நானும் ராணுவம். அக்காவிடம் சொன்னேன். "ராணுவம் முதல்ல போய் பால் பாக்கெட் வாங்கிட்டு வரட்டும்" என்றாள். பொறாமை.

விஷயம் இதுதான். சுண்டு படிக்கிற பள்ளிக்கூடத்தில் பெண் பிள்ளைகளுக்கு ஒரு மாணவர் படை இருக்கிறது. சுண்டு என் அக்கா மகள். பிறந்தபோது என் உள்ளங்கையில் அடங்கினாள், அதனால் நான் வைத்த பெயர். அப்படியெல்லாம் இல்லை என்பாள் அக்கா. அப்போது அவள் மயக்கத்தில் இருந்தாள், அவளுக்கென்ன தெரியும்? அந்தப் படைக்குப் பெரிய டிரம் அடித்தவர் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போய்விட்டார். பயிற்சி மாஸ்டர் கல்யாண ஊர்வலங்களுக்கு வாசிக்கிற எங்கள் பேண்டுக் கடைக்கே தேடி வந்தார். ஊரில் பெரிய டிரம் என்றால் என்னைத்தான் சொல்வார்கள். எங்கள் பேண்டில் பெரிய டிரம்மே ஒன்றுதான் என்பது வேறு விஷயம்.

மாஸ்டர் நிஜ ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். உட்கார்ந்திருந்தாலும் நிற்பது போலவே இருக்கிறார். விறைப்பு என்று பெயர் வைத்துவிட்டேன்.

"டம்முனு ஒரு அடி. அது இடது காலுக்கு. மறுபடி இடது கால் வர்றப்போ மறுபடி டம். அவ்வளவுதான் உங்க வேலை" என்றார்.

"நடுவுல சின்னதா ஏதாவது சேத்தா கம்பீரமா இருக்கும் சார்."

"இங்க யாரும் மாப்பிள்ளை இல்லை."

இந்த வருடம் அணிக்குக் கமாண்டர் யார்? சுண்டு! இருபதாம் தேதி ஒரு பெரிய அதிகாரி வந்து அணிவகுப்பைப் பார்க்கப் போகிறார். அவருக்குத் திருப்தி என்றால் கமாண்டரை மலைப் பக்கம் நடக்கிற பெரிய முகாமுக்கு அனுப்புவார்கள். பள்ளிக்கு ஒரே ஓர் இடம். வீட்டில் சுண்டுவுக்கு வேறு பேச்சே கிடையாது.

எட்டாம் வகுப்பை இரண்டு தடவை படித்தவன் நான். இந்தக் குடும்பத்தில் ஒரு வகுப்பை என்னைவிட ஆழமாகப் படித்தவர்கள் யாரும் இல்லை. அந்த அறிவில் சொல்கிறேன், இவள் ஜெனரலாகத்தான் வருவாள்.

செப்டம்பர் 4, வியாழன்

தோளில் வார் உரசிய இடம் எரிகிறது. வீரத் தழும்பு என்று பேண்டுக் கடையில் காட்டினேன்.

இங்கே கட்டளை என்பது இரண்டு துண்டு. முதல் துண்டு இழுவை: "அணீஈஈ..." அதைக் கேட்டால் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும், வேறு எதுவும் செய்யக் கூடாது. இரண்டாவது துண்டு வெட்டு: "நில்!" அந்த வெட்டு, இடது கால் தரையில் படும்போது விழ வேண்டும். பிறகு ஓர் அடி, குதிகாலோடு குதிகால் ஒரு சேர்ப்பு, சிலை. வலது காலில் விழுந்தால் பாதிப் பேர் நிற்பார்கள், மீதிப் பேர் அவர்கள் முதுகில் போய் மோதுவார்கள். சொல்லே விழாவிட்டால்? நடந்துகொண்டே இருப்பார்கள். அதுதான் ஒழுங்காம்.

"சுவர் வந்தாலும் நடை நிக்காது. நின்ன இடத்துலயே மிதிப்பாங்க" என்றார் விறைப்பு.

கேட்டுச் சிரித்தேன். பிறகுதான் பார்த்தேன், மைதானத்தின் கோடியில் இருப்பது சுவர் இல்லை, பள்ளம். குழாய் பதிக்கத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். ஓர் ஆள் இறங்கினால் தொப்பி மட்டும்தான் வெளியே தெரியும். அதற்கு முன்னால் ஒரு கயிறு, கயிற்றில் ஒரு சிவப்புத் துணி. மேடை கட்டியாகிவிட்டதால் நடக்கிற திசையை மாற்ற முடியாதாம். இருபதுக்குள் மூடிவிடுவதாகக் காண்ட்ராக்டர் சொல்லியிருக்கிறார். எந்த மாதத்து இருபது என்று கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

எனக்கு இதில் பயம் ஒன்றும் இல்லை. சும்மா நிற்கும்போதெல்லாம் அடிக்கிற குச்சியின் தலையில் இருக்கும் பஞ்சு உருண்டையைத் திருகிக்கொண்டே இருந்தேன். அது பழக்கம்.

செப்டம்பர் 5, வெள்ளி

எழுத்து கோணுது.

கொக்கு பள்ளத்துல விழுந்துட்டா.

கொக்கு என்பது முன் வரிசையில் வலது ஓரத்தில் நடக்கிற பெண். அணியிலேயே உயரம். சுண்டுவின் உயிர்த் தோழி. சுண்டு "அணீஈஈ" என்று இழுத்தாள். வாய் திறந்தபடியே இருந்தது. "நில்" வரவில்லை. வரிசை போய்க்கொண்டே இருந்தது. கயிறு கொக்குவின் இடுப்பில் பட்டது, இழுபட்டது, அறுந்தது — அவள் கையை வீசிக்கொண்டுதான் விழுந்தாள். விழும்போதும் நடை. ஐயோ.

யாரோ "நில்லுங்கடீ" என்று கத்தினார்கள். நானாக இருக்கலாம்.

முழங்கையில் எலும்பு விரிசல். வேறு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னார். வேறு ஒன்றுமில்லை. வேறு ஒன்றுமில்லை.

ஏன் அவளுக்குச் சொல் வரவில்லை? வெயில். வெயில்தான்.

செப்டம்பர் 6, சனி

பேண்டுக் கடையில் எல்லாரும் கேட்டார்கள். பாம்பு குறுக்கே வந்தது என்றேன்.

"எவ்வளவு நீளம்?" என்றார் டிரம்பெட்காரர். கையை விரித்தேன்.

"நேத்து டீக்கடையில வெயில்னு சொன்னியாமே?"

"வெயிலுக்கு வந்த பாம்பு."

சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இங்கேயாவது எழுதுகிறேன். சுண்டு "அணீஈஈ" என்று இழுத்தாள். குரல் மணி மாதிரி இருந்தது. என் கை தானாக ஒரு "டுக்கு" சேர்த்துவிட்டது. ஊர்வலத்தில் மாப்பிள்ளை கார் முனை திரும்பும்போது போடுவேனே, அதே "டுக்கு". அது விழுந்தது வலது காலில். அவள் அதை இடது என்று எடுத்திருப்பாள். இல்லை என்று தெரிந்து அடுத்ததற்குக் காத்திருப்பாள். அதற்குள் கயிறு.

ஒருவேளை அப்படி இல்லையோ? வெயிலாகவே இருக்கலாமோ?

விறைப்பு எல்லாரையும் நிறுத்தி வைத்து விசாரித்தார். சுண்டு ஓர் அடி முன்னால் வந்தாள். "என் தப்பு சார். சொல்லத் தவறிட்டேன்." என் பக்கம் திரும்பவே இல்லை. நான்? என் வாய் சும்மா இருந்ததாக இந்த ஊரில் ஒருவரும் சாட்சி சொல்ல முடியாது. இன்று சும்மா இருந்தது.

"இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா தோள்ல இருக்கிற பட்டையைக் கழட்டி வேற ஆளுக்குக் குடுத்துடுவேன்" என்றார் விறைப்பு.

செப்டம்பர் 7, ஞாயிறு

கொக்குவின் அப்பா வீட்டுக்கு வந்தார். லாரி ஓட்டுகிறவர். ஒவ்வொரு கையும் என் தொடை. அவர் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டபோது நான் மாடியில் துணி உலர்த்தும் அவசர வேலையில் இருந்தேன். உலர்ந்த துணிதான். அக்கா விடவில்லை, கூப்பிட்டாள். இறங்கி வந்தேன்.

சண்டைக்கு வந்த முகம் இல்லை. புரியாத முகம். அதுதான் இன்னும் பயமாக இருந்தது. கொக்குவையும் கூட்டி வந்திருந்தார், கையில் மாவுக்கட்டு.

"ஏம்மா, நான் லாரி ஓட்டுறேன். முன்னால பள்ளம் வந்தா பிரேக் போடுவேன். எவன் வந்து எனக்குச் சொல்லணும்? இவ ஏன் நிக்கலை?"

"உன் லாரிய ஒட்டியே இன்னொரு லாரி வந்தா என்னப்பா பண்ணுவ?" என்றாள் கொக்கு. "நான் நின்னா பின்னாடி வர்றவ என் மேல ஏறுவா. அவ மேல இன்னொருத்தி."

"அதுக்கு? நீ விழுந்துடுவியா?"

"அவ சொல்லிடுவான்னு நெனச்சேன்."

சாதாரணமாகத்தான் சொன்னாள். குற்றம் சொல்கிற குரல் இல்லை. சுண்டு எழுந்து உள்ளே போய்விட்டாள்.

லாரிக்காரர் என் பக்கம் திரும்பினார். "டிரம் அடிக்கிறது நீங்கதானா?"

"ஆமா."

"நல்லா அடிக்கிறீங்களாம். பொண்ணு சொல்லுச்சு."

குடித்த தண்ணீர் புரையேறிவிட்டது. அக்கா தலையில் தட்டினாள். இன்னும் இரண்டு தட்டு தட்டியிருக்கலாம்.

செப்டம்பர் 9, செவ்வாய்

மறுபடி பயிற்சி. இதைவிடக் கொடுமை கிடையாது.

அணி பாதி மைதானத்தைக்கூடத் தாண்டவில்லை, அதற்குள் சுண்டு "நில்" என்றுவிட்டாள். விறைப்பு தலையை ஆட்டினார், மறுபடி என்றார். அடுத்த தடவை இன்னும் கொஞ்ச தூரம் விட்டாள். ஆனால் அவள் சொல்வதற்கு முன்பே முன் வரிசையில் இரண்டு பேர் நின்றுவிட்டார்கள். மூன்றாம் தடவை நான்கு பேர். பிள்ளைகள் காதால் நடப்பதை விட்டுவிட்டார்கள். கண்ணால் நடக்கிறார்கள். நாற்பது ஜோடிக் கண்ணும் அந்தப் பள்ளத்தில். அடி சின்னதாகிவிட்டது. சேற்றில் நடக்கிற மாடு மாதிரி.

நானும்தான். டம் அடிக்கும்போது, இது இடதா, இது இடதா என்று ஒவ்வொரு தடவையும் சந்தேகம். எத்தனை ஊர்வலத்தில் அடித்த கை! ஒரு தடவை நடந்துகொண்டே தூங்கியபடி அடித்திருக்கிறேன், ஊரே பார்த்தது. இந்த ஒற்றை அடி அடிக்க வியர்த்துக் கொட்டுகிறது.

சாயங்காலம் சுண்டு குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு, வாளிக்குள் குனிந்து "நில், நில்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கதவுக்கு வெளியே சோப்பை வைத்துக்கொண்டு நின்றேன். தட்டவில்லை.

செப்டம்பர் 11, வியாழன்

மழை. பள்ளம் மூடவில்லை, இப்போது அதில் தண்ணீரும் நிற்கிறது.

செப்டம்பர் 14, ஞாயிறு

சுண்டு வராந்தாவில் உட்கார்ந்து பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தாள். வாரம் முழுக்க யோசித்து வைத்திருந்த திட்டத்தைச் சொன்னேன். பெரிய பெரிய தளபதிகளுக்கே தோன்றாத திட்டம்.

"சுண்டு, அன்னைக்கு நீ சொல்ல வேண்டிய இடம் வர்றப்போ ஒரு அடியைக் கொஞ்சம் அழுத்தி அடிக்கிறேன். அடுத்த டம்முக்கு நீ நில்லுனு சொல்லிடு. ஒருத்தனுக்கும் தெரியாது."

பிரஷ் நின்றது. "அப்போ கமாண்டர் நானா, நீங்களா?"

"நீதாம்மா. நான் சும்மா..."

"அன்னைக்குச் சும்மா ஒரு டுக்கு போட்டீங்களே, அந்த மாதிரியா?"

தரையில் உட்கார்ந்தேன். தெரிந்திருக்கிறது. முதல் நாளிலிருந்தே தெரிந்திருக்கிறது!

"ஏன்டி விறைப்புகிட்ட சொல்லலை?"

"என்னன்னு சொல்றது? அந்த டிரம்மும் என் அணியிலதான் இருக்கு. டிரம் தப்பாப் போச்சுன்னா நான் காலைப் பாத்துச் சொல்லியிருக்கணும். காலைப் பாக்கலை. பயந்துட்டேன். வாய் அப்படியே ஒட்டிக்கிச்சு." மறுபடி பிரஷ்ஷை எடுத்தாள். "இப்பவும் பயமாத்தான் இருக்கு மாமா. தினமும் கனவுல கொக்கு விழறா. ஒரு தடவைகூட அவ என்னைத் திட்ட மாட்டேங்குறா."

ஏதாவது ஒரு கதை சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். ஒரு கதையும் வரவில்லை.

"எனக்குக் குறிப்பெல்லாம் குடுக்காதீங்க. நான் சொன்னதைச் செய்ங்க. நான் சொல்லாததைச் செய்யாதீங்க. முடியுமா?"

"முடியுமாவா? உன் மாமாவைப் பத்தி நீ..."

"முடியுமா மாமா?"

"முடியும்."

சொல்லிவிட்டேன். இப்போது நினைத்தால் குலை நடுங்குகிறது. எதையாவது செய் என்றால் செய்துவிடுவேன். ஒன்றும் செய்யாமல் இரு என்று யாரும் இதுவரை என்னிடம் கேட்டதில்லையே.

செப்டம்பர் 19, வெள்ளி

நாளை. பள்ளம் அப்படியேதான் இருக்கிறது. கயிறு மட்டும் இரட்டைக் கயிறு ஆகியிருக்கிறது.

கொக்கு விறைப்பிடம் போய், தன்னால்தான் நடக்க முடியாதே, கயிற்றுக்கு இந்தப் பக்கம் காவலுக்கு நிற்கிறேன் என்று கேட்டு வாங்கியிருக்கிறாள். சுண்டு பதறிவிட்டாள். "நான் அங்க நிக்கிறேன்டி. நீ நிறுத்தலைன்னா எல்லாரும் என் மேல வந்து விழட்டும். இன்னொரு கை சும்மாதானே இருக்கு?" என்று சிரித்தாளாம் கொக்கு.

சாப்பாடு இறங்கவில்லை. அக்கா என் கையைப் பார்த்தாள். "அந்தக் குச்சியை விடுடா. அது உன்னை என்ன பண்ணுச்சு?" உருண்டையைத் திருகிக்கொண்டே இருந்திருக்கிறேன். எத்தனை நாளாக என்று தெரியவில்லை.

செப்டம்பர் 20, சனி

நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும். ஒன்றும் சேர்க்கக் கூடாது.

அதிகாரி வந்தார். சின்ன உருவம், கண்ணாடி. எட்டடி ஆள் வருவார் என்று எதிர்பார்த்தேன். மேடையில் ஏறி நின்றார். அக்கா வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டுக் கூட்டத்தில் நின்றாள், பக்கத்தில் லாரிக்காரர். கோடியில், கயிற்றுக்கு இந்தப் பக்கம், மாவுக்கட்டோடு கொக்கு.

சுண்டு முன்னால் வந்தாள். "அணீஈஈ... நட!" டம். நடந்தார்கள். டம். மைதான ஓரத்தில் நின்று அடிக்கிற என் வேலை அவ்வளவுதான். டம். கழுத்தில் வியர்வை ஓடுகிறது, துடைக்கக் கை இல்லை. டம். அணி மேடையைத் தாண்டியாகிவிட்டது.

அடுத்த டம் வரவில்லை. "டக்" என்றது.

பார்த்தேன். கையில் வெறும் கட்டை. பஞ்சு உருண்டை உருண்டுகொண்டே போகிறது, கோழிக்குஞ்சு மாதிரி, அணியின் கால்களுக்குப் பக்கத்தில்.

கையால் ஓங்கி ஓர் அறை அறையலாமா? ஆனால் எந்தக் கால்? இப்போது எந்தக் கால்? உருண்டையைப் பார்த்த நேரத்தில் காலை விட்டுவிட்டேன். தப்பான காலில் விழுந்தால் — கொக்கு அங்கே நிற்கிறாள். ஒன்றுமே அடிக்காவிட்டாலும் நடை கலைந்துவிடுமே. கை மேலே போய்விட்டது. மேலேயே நின்றது. நான் சொல்லாததைச் செய்யாதீங்க. இறக்கவில்லை. சத்தியமாக இறக்கவில்லை. அந்தக் கையைத் தூக்கிப் பிடித்திருந்ததைவிடக் கனமான எதையும் நான் தூக்கியதில்லை.

மைதானத்தில் வெறும் பூட்ஸ் சத்தம். அது சிதற ஆரம்பித்தது. தட தட என்று ஒன்றுக்குள் ஒன்று. பின் வரிசையில் ஒருத்தி தலையைக் குனிந்து காலைப் பார்த்தாள்.

"இடது!"

சுண்டுவின் குரல். முதல் தடவை கீச்சென்று உடைந்துதான் வந்தது.

"இடது! இடது! இடது, வலது, இடது!"

சத்தம் ஒன்றானது. நாற்பது பேர் ஒரே காலாக. குனிந்த தலை நிமிர்ந்தது. யாரும் பள்ளத்தைப் பார்க்கவில்லை. சுண்டுவும் பார்க்கவில்லை, அவள் பார்த்தது கால்களை. கயிறு பெரிதாகிக்கொண்டே வந்தது. "இடது!" கொக்கு அசையாமல் நிற்கிறாள். "இடது!" கொக்குவின் முகம் தெரிகிறது. சொல்லிடுடி. சொல்லித் தொலையேன்டி.

"அணீஈஈஈ..."

இழுக்கிறாள். இன்னும் இழுக்கிறாள். அதே இழுவை, அதே மணிக்குரல். எனக்குக் கண் இருட்டியது.

"நில்!"

ஓர் அடி. ஒரு சேர்ப்பு. மைதானம் அமைதி.

முன் வரிசைக்கும் கொக்குவுக்கும் நடுவில் ஓர் ஆள் படுக்கலாம். கொக்கு சிரிக்கவில்லை, அழுதாள். நான் என் காலைக் குனிந்து பார்த்தேன். இத்தனை நேரம் நானும் நின்ற இடத்தில் மிதித்துக்கொண்டிருந்திருக்கிறேன் போல. இரண்டு குதிகாலும் ஒட்டி இருந்தன. என்னையும் நிறுத்திவிட்டாள்.

பிறகு அதிகாரி இறங்கி வந்து கேட்டார்: "டிரம் பாதியில நின்னது திட்டமிட்டதா?"

ஆஹா, என்ன கேள்வி! ஆமாம் சார், என் யோசனைதான் சார் என்று நாக்கு நுனிவரை வந்தது. சுண்டு முந்திக்கொண்டாள்.

"இல்ல சார். குச்சி உடைஞ்சுது."

"அப்புறம்?"

"அப்புறம் நான் சொன்னேன் சார்."

அவர் விறைப்பைப் பார்த்தார். விறைப்பு முதல் தடவையாகக் கொஞ்சம் வளைந்தார்.

செப்டம்பர் 21, ஞாயிறு

பேண்டுக் கடையில் டிரம்பெட்காரர் கேட்டார்: "நேத்து பாம்பு வந்துச்சா?"

"வரலை. என் குச்சி உடைஞ்சுது. அவ சொன்னா, அவங்க நின்னாங்க. அவ்வளவுதான்."

ஒருவரும் நம்பவில்லை.

அக்டோபர் 12, ஞாயிறு

சுண்டுவை முகாமுக்கு அனுப்பிவைக்கப் பேருந்து நிலையம் போனோம். அக்கா வழியனுப்பும்போது அழுதுவிடுவேன் என்று வீட்டு வாசலிலேயே அழுது முடித்துவிட்டாள். பெட்டியை நான்தான் தூக்கினேன். அதில் கல்லைப் போட்டு வைத்திருக்கிறாளோ என்னவோ.

பள்ளத்தைப் போன வாரம்தான் மூடினார்கள் என்று சுண்டு சொன்னாள். கொக்குவுக்குக் கட்டுப் பிரித்தாகிவிட்டது. பேருந்து நிலையத்துக்கு அவளும் வந்திருந்தாள், அந்தக் கையால்தான் டாட்டா காட்டினாள், வேண்டுமென்றே.

மலைப் பாதை. வளைவுக்கு வளைவு பள்ளம். நேற்றே டிரைவர் யார், எப்படி ஓட்டுவார் என்று விசாரித்துவிட்டேன். பிரேக்கைப் பற்றிக்கூடக் கேட்டேன். கண்டக்டர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அங்கே குளிரும். தெரியாத ஆட்கள். இவளைவிடப் பெரிய குரல்கள் இருக்கும். இதெல்லாம் சொல்லலாம் என்றுதான் கூடவே நடந்தேன். நடக்க நடக்க இருவர் காலும் ஒன்றாக விழுந்தது, இடது, வலது, இடது. ஒன்றும் சொல்லவில்லை.

பேருந்துப் படி வந்தது. நானும் ஏறி, உள்ளே சீட்டுவரை போய், ஜன்னல் சரியாகச் சாத்துகிறதா என்று பார்த்துவிட்டு...

"மாமா," என்றாள். பெட்டியை வாங்கிக்கொண்டாள். "இங்கேயே நில்லுங்க."

ஓர் அடி. ஒரு சேர்ப்பு. நின்றேன்.